முப்பத்துநாலாம் கிழமைக் குரல்

“அப்பா, தங்கச்சியை ஏன் ஆஸ்பத்திரியிலையே விட்டிட்டு வந்தனீங்கள்?”

சயந்தனுக்கு அப்போது ஐந்து வயது. கால் நிலத்தில் எட்டாத கதிரையில் இருந்து புட்டைப் பிசைந்துகொண்டே கேட்டான். சண்முகலிங்கம் சாப்பிடு என்று மட்டும் சொன்னார். உள்ளறையில் படுத்திருந்த தாய் நாகேஸ்வரிக்கும் அது கேட்டிருக்கும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடங்கள் போய்விட்டன. அந்தப் பெண்பிள்ளையைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை. கேட்டவனுக்கே கேட்டது மறந்துபோயிற்று. அவன் இப்போது தோஹாவில் என்ஜினியர். அவனுடைய மனைவி சாம்பவி முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டு, மாமன் மாமியோடு வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறாள்.

போன கிழமை சாம்பவி கிளினிக்கிலிருந்து கண் சிவந்து வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமி ஏதோ சொல்லிவிட்டாள் என்று மாமாவும், புருஷனோடு போனில் சண்டை என்று மாமியும் நினைத்தார்கள். காரணம் இரண்டுமல்ல.

அந்தப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர் மேபல், கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாட்ஸப்பில் குரற்செய்தி அனுப்புவாள். யாருக்குக் கர்ப்பத்தின் எத்தனையாம் கிழமையோ அதற்கேற்ற செய்தி. கிளினிக்கின் நீள வாங்கில் இருந்த பெண்களெல்லாம் அதைப் பற்றியே கதைத்தார்கள். சாம்பவிக்கு மட்டும் ஒன்றும் வந்ததில்லை. கேட்கவும் கூச்சம். தாய்வீடு யாழ்ப்பாணத்தில், புருஷன் கடலுக்கு அப்பால். இந்த நேரத்தில் மேபல் மிஸ்ஸும் தன்னை மறந்துவிட்டா என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

மேபல் மறக்கவில்லை. பதினாலாம் கிழமையிலிருந்து ஒன்றுகூடத் தவறாமல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். அத்தனையும் சண்முகலிங்கத்தின் போனுக்கு வந்தன.

பதிவுக்குப் போன நாளில் சாம்பவி கிளினிக் வாசலில் சத்தியெடுத்துக்கொண்டு நின்றாள். படிவத்தை நிரப்பியது நாகேஸ்வரி. தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில் வீட்டு நம்பரை எழுதினாள். வீட்டுக்கு வந்த பழைய லைனை வெட்டி மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து அவளுக்கு வீட்டு நம்பர் என்றால் அவருடைய நம்பர்தான்.

முதற்செய்தியைச் சண்முகலிங்கம் ஏதோ விளம்பரம் என்று நினைத்துத் தட்டினார். ஒரு பெண்ணின் குரல், அம்மா என்று அன்பாக அழைத்து, காலையில் வரும் குமட்டலைப் பற்றியும் மலச்சிக்கலைப் பற்றியும் சொல்லத் தொடங்கியது. அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்துநாலு வருடம் வேலை செய்த மனிதர் அவர். தூர ஊர் அழைப்புகளைக் கையால் தொடுத்துக் கொடுத்த காலத்தில் சேர்ந்தவர். தொடுத்த கையோடு காதுக்கருவியைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே முதற்பாடம். பிறருடைய கதை பிறருடைய சொத்து. இது மருமகளுடைய சொத்து. உடனே கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் எப்படிக் கொடுப்பது? மாமன் மருமகளிடம், பிள்ளை, உம்மட மலச்சிக்கலைப் பற்றி எனக்கொரு செய்தி வந்திருக்கு என்று சொல்வதா? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். அடுத்த வெள்ளி இரண்டாவது வந்தது. இப்போது சொன்னால் போன கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நாலாவது வந்தபோது சொல்லவே முடியாமற் போயிற்று.

கேட்காமலும் விட முடியவில்லை. பல்கனிக்குப் போய், கடலைப் பார்த்தபடி போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டார். கேட்டதைச் செய்தார். இரும்புச்சத்துக் குளிசையோடு தேநீர் குடிக்கக் கூடாது என்று குரல் சொன்னது. அவர் தனக்கு வயிற்றில் எரிவு என்று சொல்லி, வீட்டுத் தேநீர் நேரத்தையே ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தார். கீரை நல்லது என்றது. வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பொன்னாங்காணியும் முருங்கையிலையும் நாளாந்தம் வந்தன. இந்த மனிசனுக்கு வயது போகப்போகக் கீரைப் பைத்தியம் பிடிக்குது என்று நாகேஸ்வரி பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இந்த வெள்ளிக்கிழமை காலை அவர் ஒரு முடிவோடு எழும்பினார். போன கிழமை மருமகள் அழுததன் காரணம் தோஹா வழியாகச் சுற்றி அவர் காதுக்கு வந்திருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசும்போது அதற்காகவே துணிவு கேட்டார்.

பத்தேகாலுக்கு முப்பத்துநாலாம் கிழமைச் செய்தி வந்தது. வழமைபோலப் பல்கனியில் நின்று கேட்டார். மேபலின் குரல் இந்தமுறை சிரிக்கவில்லை. ஒரு தடவை கேட்டு முடித்தவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடற்கரையோரமாய் ஒரு ரெயில் போய் முடியும்வரை தண்டவாளத்தையே பார்த்து நின்றார்.

குசினிக்கு வந்தபோது சாம்பவி தலையைக் கையில் தாங்கியபடி இருந்தாள். நேற்றுப் பின்னேரத்திலிருந்து தலையிடி. இரண்டு பனடோல் போட்டும் குறையவில்லை. கண்ணுக்கு முன்னால் புகை மாதிரி இருக்கிறது என்றாள். நாகேஸ்வரி அவளுக்காக மல்லி அவித்துக்கொண்டிருந்தாள். இந்த வெக்கைக்கு ஆருக்குத்தான் தலை இடிக்காது என்றாள். குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகும்.

சண்முகலிங்கம் மருமகளின் கையைப் பார்த்தார். கலியாண மோதிரம் இருந்த விரலில் மோதிரம் இல்லை, அதன் தடம் மட்டும் ஆழமாக இருந்தது. முகத்தைப் பார்த்தார். கன்னம் வழமையைவிடப் பூரித்திருந்தது. பிள்ளைத்தாய்ச்சி மினுமினுப்பு என்று இரண்டு நாளாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றார்.

நாகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். போன கிழமை கிளினிக்கில் பிரஷர் சரியாகத்தானே இருந்தது, இவருக்கென்ன தெரியும் என்றாள். அப்படிப் போவதென்றாலும் மணி பத்தரை. ராகுகாலம் தொடங்கிவிட்டது. பன்னிரண்டுக்குப் பிறகு வெளிக்கிடலாம்.

சாம்பவியும் அதற்குத் தலையாட்டினாள். வீண் கரைச்சல் கொடுக்க அவளுக்கு விருப்பமில்லை.

சண்முகலிங்கம் போனை எடுத்தார். பிள்ளையாரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி, மேசையில் வைத்து அழுத்தினார்.

“அம்மா, இது உங்கட முப்பத்துநாலாம் கிழமை,” என்றது மேபலின் குரல். “இண்டைக்கு ஒரு விசயம்தான். தலையிடி விடாமல் இருந்தால், கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், பிள்ளையின்ர அசைவு குறைஞ்சால், நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்க வேண்டாம். என்னைக் கேக்கவும் வேண்டாம். அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.”

சாம்பவி தலையை நிமிர்த்தினாள்.

“மேபல் மிஸ்,” என்றாள் சாம்பவி. “மாமா, இது எப்பிடி உங்களிட்ட?”

“எனக்குத்தான் வாறது, பிள்ளை. பதினாலாம் கிழமையிலயிருந்து.” அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சொல்ல வெக்கமாக் கிடந்தது. என்னிலதான் பிழை.”

நாகேஸ்வரி அகப்பையைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

“அப்ப அந்தப் பொன்னாங்காணி?”

“ஓம்.”

“தேத்தண்ணி?”

“அதுவும்தான்.”

வேறொரு நாளென்றால் அவள் இதைக் கிழமைக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருப்பாள். இப்போது சிரிக்கவில்லை. வேளை சரியில்லாத நேரத்தில் தலைப்பிள்ளைக்காரியை வாசல் தாண்ட விடுவதா என்று திரும்பவும் தொடங்கினாள். அவளுடைய பயமும் அன்பிலிருந்து வந்ததுதான்.

சண்முகலிங்கம் அவளுக்குக் கிட்டப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாகேஸ், அண்டைக்கும் உமக்குத் தலையிடிதான் முதல்ல வந்தது. அண்டைக்கும் நாங்கள் பன்னிரண்டு மணிவரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்.”

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அந்த நாள் அந்த வீட்டுக்குள் வந்து நின்றது.

வலிப்பு வந்தது, பிள்ளை தங்கவில்லை. அவ்வளவுதான் அன்று எல்லோரும் சொல்லிக்கொண்டது. வலிப்புக்கு முன்னால் வந்த தலையிடியை ஒருவரும் நினைவில் வைக்கவில்லை. அது ஓர் அறிவித்தல் என்று அவர்களுக்குச் சொல்ல அப்போது ஆளில்லை. சொல்லியிருந்தால் அவளும் கேட்டிருப்பாள், அவரும் கேட்டிருப்பார்.

நாகேஸ்வரி அடுப்பை நிறுத்தினாள். சுவாமி அறைக்குப் போய்த் திருநீறு எடுத்துவந்து மருமகளின் நெற்றியில் பூசினாள். கடவுள் நல்ல நேரத்தில் மட்டும் வீட்டில் இருப்பவர் அல்ல என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

“செருப்பைப் போடும் பிள்ளை,” என்றாள். “இஞ்சேருங்கோ, ஓட்டோவைப் பிடியுங்கோ. நான் உடுப்புகளை எடுத்துக்கொண்டு பின்னால வாறன்.”

பிறக்காத பிள்ளைக்கு உடுப்பு வாங்கி வைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை ஆயத்தமாக வைக்கும்படி முப்பத்திரண்டாம் கிழமையிலேயே மேபல் சொல்லியிருந்தாள். அதைமட்டும் சண்முகலிங்கத்தால் இரகசியமாகச் செய்ய முடியவில்லை. நாகேஸ்வரி அலுமாரியைத் திறந்து, தோய்த்து மெதுமையான பழைய பருத்திச் சேலை ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

காலி வீதியில் வாகன நெரிசல். ஓட்டோக்காரர் ஒழுங்கைகளால் வளைத்து வளைத்து ஓட்டினார். சாம்பவி கண்ணை மூடிக்கொண்டு மாமாவின் தோளில் சாய்ந்திருந்தாள். இத்தனை மாதத்தில் அவர்கள் இவ்வளவு கிட்ட இருந்ததில்லை.

“மாமா,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “எல்லாத்தையும் கேட்டனீங்களோ?”

அவர் தொண்டையைச் செருமினார்.

“இருபத்தொன்பதாம் கிழமையை மட்டும் பாதியில நிப்பாட்டிப் போட்டன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தலை இன்னும் இடித்தது. அதோடு கண்ணீரும் வந்தது. தன்னை ஒருவரும் மறக்கவில்லை என்று தெரிந்ததில் வந்த கண்ணீர் என்று அவருக்கு விளங்கியது. அவர் தன் லேஞ்சியை எடுத்துக் கொடுத்தார்.

பொரளையில் உள்ள மகப்பேற்று ஆஸ்பத்திரியில் ஒரு சங்கடம் காத்திருந்தது. அனுமதிக்கும் பகுதிக்கு அப்பால் ஆண்கள் போகக் கூடாது. காவலாளி மரியாதையாகத்தான் சொன்னார். நியாயமான சட்டம். ஆனால் சாம்பவிக்குக் கண் தெளிவாகத் தெரியவில்லை, சிங்களமும் தெரியாது. நாகேஸ்வரி வர இன்னும் முக்கால் மணித்தியாலமாவது ஆகும். சண்முகலிங்கம் மருமகளின் கையை விடவும் முடியாமல் பிடித்திருக்கவும் முடியாமல் நின்றார்.

பக்கத்து நடையோடையில் ஸ்கான் அறைக்கு முன்னால் பெண்கள் வரிசையாக வாங்கில் இருந்தார்கள். அதில் மூன்றாவதாக இருந்த ஒரு முஸ்லிம் பெண், ஆறேழு மாத வயிற்றோடு, இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பி வந்தாள்.

“அங்கிள், நீங்க உள்ளுக்குப் போக ஏலா. என்னோட அனுப்புங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”

உங்கட வரிசை, என்று அவர் தொடங்கினார். அவள் அதற்குள் சாம்பவியின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். கதவு திறந்து மூடியது.

அவள் திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆயிற்று. சட்டைப்பையில் போன் நாலு தடவை அதிர்ந்தது. தோஹாவிலிருந்து சயந்தன். சண்முகலிங்கம் எடுக்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் என்னத்தை எடுப்பது?

“பிரஷர் நல்லாக் கூடி ஈக்கி அங்கிள். நூத்தி எழுவதாம்,” என்றாள் அந்தப் பெண். “ஊசி போட்டாங்க. பேபிட துடிப்பு நல்லம். கொஞ்சம் சுணங்கி இருந்தா வலிப்பு வந்திருக்குமாம். டொக்டர் கேட்டாங்க, யாரு இவ்வளவு கெதியாக் கூட்டிட்டு வந்தது எண்டு. தங்கச்சி சொல்லிச்சு, மாமா எண்டு.”

நாலு மணிக்கு மறுபடியும் பிரஷர் பார்ப்பார்களாம். குறையாவிட்டால் இன்றைக்கே பிள்ளையை எடுத்துவிடுவார்களாம். பிள்ளை சிறியது, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டி வரலாம். அவள் ஒன்றையும் மறைக்காமல், பயப்படுத்தாமலும் சொன்னாள். அவர் கும்பிட்டார். அவளுக்கு அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாங்குக்குப் போனாள்.

அவள் இருந்த இடம் போய்விட்டது. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் மட்டுமல்ல, பின்னால் இருந்த பலரும் ஸ்கான் செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் வாதாடவில்லை. வரிசையின் கடைசியில் போய் இருந்து, யாருக்கோ போன் எடுத்து, ஸ்கூல் விட்டதும் மகனைக் கூட்டிக்கொண்டு போய் உங்கட வீட்டில் வைத்திருங்கள், எனக்குப் பிந்தும், மருதானைக்கு வந்துசேர நாலு மணியாகும் என்று மெதுவாகச் சொன்னாள். கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் சண்முகலிங்கத்துக்கு அது கேட்டது.

பன்னிரண்டரைக்கு ஸ்கான் அறை பகற்சாப்பாட்டுக்காக மூடியது. இன்னும் ஒன்பது பேர் மிச்சம். அவர்கள் தங்கள் கிளினிக் புத்தகங்களை இருந்த ஒழுங்கிலேயே வாங்கில் வரிசையாக வைத்துவிட்டு எழும்பினார்கள். ஆள் போனாலும் புத்தகம் இடம் பிடிக்கும். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு அது. சிலர் கன்ரீனுக்குப் போனார்கள், சிலர் மரநிழலுக்கு. அந்தப் பெண் தொழுவதற்கு இடம் எங்கே என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு போனாள்.

பையோடு வந்த நாகேஸ்வரி மருமகளிடம் உள்ளே போய்விட்டாள். நடையோடையில் சண்முகலிங்கம் மட்டும் இருந்தார்.

ஒன்பது புத்தகங்கள். கடைசிப் புத்தகத்துக்கு நீல நிறப் பிளாஸ்டிக் உறை. அதில் ஒரு சின்னப் பிள்ளை ஒட்டிய மீன் படம். அவர் எழும்பி அருகில் போனார். உறைக்குள் தெரிந்த பெயரை வாசித்தார். லுத்பியா. அதுவரை பெயரைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை.

மற்ற எட்டுப் பேரையும் நினைத்துப் பார்த்தார். யாருக்கும் அநியாயம் செய்யக் கூடாது. காலையில் இவர்கள் எல்லோருமே அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள். அவள் எழும்பிப் போனதால் ஆளுக்கோர் இடம் முன்னால் வந்தார்கள். அந்த ஓர் இடத்தைத்தான் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். யோசித்துப் பார்த்ததில் அவருடைய மனச்சாட்சி சம்மதித்தது.

புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து, வரிசையின் முன்னுக்குக் கொண்டுபோனார். எட்டுப் புத்தகங்களையும் ஒவ்வொன்றாக ஓர் இடம் தள்ளினார். ஒன்றும் சரியாதபடி, ஒழுங்கு மாறாதபடி. முதலாவது இடத்தில் நீல உறையை வைத்தார். பிறகு தூணுக்கு மற்றப் பக்கத்தில் போய், வீதியைப் பார்க்கும் கதிரையில் உட்கார்ந்தார்.

ஒன்றரைக்குக் கதவு திறந்தது. தாதி முதலாவதாக இருந்த புத்தகத்தை எடுத்துப் பெயரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது வரிசையின் கடைசியிலிருந்து, நான் லாஸ்ட் மிஸ், என்று ஒரு குரல் கேட்டது. இல்லை, நீங்கதான் முதல், வாங்க, என்றாள் தாதி.

சண்முகலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் அவருக்குப் பின்னால் அவசரமாக நடந்து போனது. ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே போயிற்று, கதவு மூடியது.